மழையைப் பார்த்து டிக்கெட் எடுங்கள்

(இலங்கைப் பயணம் பற்றிச் சீவலப்பேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



"இலங்கைக்குப் போகணும் அண்ணாச்சி. ஏஜெண்டு யாரும் இல்லாம நாமளா போயிட்டு வர முடியுமா?" இந்தப் பக்கம் வந்தாலே என்னிடம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். முடியும் என்பதுதான் பதில். எப்படி முடியும் என்று விளக்கமாகச் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

முதலில், இது நமக்குப் புதுப் பயணமில்லை. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ஒரு காலத்தில் மணியாச்சி தாண்டித் தூத்துக்குடியில்தான் போய் நின்றது. அங்கே இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1914இல் பாம்பன் பாலம் வந்த பிறகு அந்த ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர், தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து ராமானுஜம் கப்பல் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கரையில் சண்டை மூண்டபோதுதான் அதுவும் நின்றது.

நம் வ.உ.சி. 1906இல் சுதேசி நாவிகேஷன் கம்பெனி தொடங்கியது எந்தத் தடத்துக்காக? தூத்துக்குடி - கொழும்பு தடத்துக்காக. 25 ரூபாய்ப் பங்காக 40,000 பங்குகள், 10 லட்சம் மூலதனம் என்று திட்டம் போட்டு, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தார். ஆட்கள் போகவர வழக்கமான பாதை என்பதால்தானே வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரோடு மல்லுக்கட்டியது? தாமிரபரணி முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம் செய்தவர்கள். நம் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கணக்கு தனி. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' அவர்கள் கதைதான். அவர்களைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

இப்போது திட்டத்துக்கு வருவோம். பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் விமான டிக்கெட் எங்கே மலிவு என்று பார்க்கிறார்கள். பிறகு ஓட்டல் பார்க்கிறார்கள். மழையைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள், அதுவும் அங்கே போய் நனைந்த பிறகு. வரிசையை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் மழை, பிறகு இடம், அதற்குப் பிறகு டிக்கெட். வெப்ப மண்டலத் தீவு எதற்குப் போவதானாலும் இந்த வரிசைதான் சரி. இலங்கைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் அந்தத் தீவுக்கு இரண்டு மழைக்காலம்.

அதைப் புரிந்துகொள்ள சீவலப்பேரிக்காரர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல். மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் சிற்றாறாக ஓடிவந்து இதே ஊரில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆனால் இங்கே தெருவில் ஒரு சொட்டு விழுகிறதா? வறண்ட காற்றுதான் அடிக்கிறது. மலை நடுவே நின்று மேற்கே வருகிற மழையைத் தடுத்துவிடுகிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்துதான் வர வேண்டும்.

இலங்கையிலும் அச்சு அசல் இதே கதைதான். தீவின் நடுவில் மலை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையின் மேற்குச் சரிவிலும், கொழும்பு, காலி பக்கத்துக் கடற்கரையிலும் மழையைக் கொட்டுகிறது. அதே மாதங்களில் கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்பு எல்லாம் நல்ல வெயில், அமைதியான கடல். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இது தலைகீழாகிறது. வடக்கும் கிழக்கும் நனைகின்றன. டிசம்பர் பாதிக்கு மேல் தென்மேற்குக் கடற்கரை தெளிந்துவிடுகிறது, மார்ச் வரை அப்படியே இருக்கும். கொழும்பையும் காலியையும் கேரளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் நம் ஜில்லா என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எங்கே போகலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். தூத்துக்குடிக் கடல்காரர்கள் கச்சான், வாடை, கொண்டல் என்று பெயர் சொல்கிற காற்றுகளை அக்கரைக் கடல்காரர்களும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ஒரே காற்று இரண்டு கரைக்கும்.

இதை நம் காலண்டரில் பொருத்திப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மே மாதம்தான் போக முடியும் என்கிற குடும்பம் கொழும்பு, காலி, கண்டி என்று பேக்கேஜ் வாங்கினால் பருவமழை தொடங்குகிற நேரத்தில் அதன் வாசலில் போய் நிற்கும். அந்தக் குடும்பம் யாழ்ப்பாணம், திருகோணமலை போக வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும், ஆனால் நம் வெயிலைவிடப் பெரிய வெயில் இல்லை. அரைப்பரீட்சை லீவில் கிளம்புகிறவர்கள் தென்மேற்குக் கடற்கரையைப் பார்க்கலாம். விவசாயிகளுக்கு என் யோசனை, பிசான அறுப்பு முடிந்த கையோடு கிளம்புங்கள். கார் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் வரும்வரை வயலில் பெரிய வேலை இல்லை. மார்ச் மாதத்தில் தீவின் எந்தப் பக்கமும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஏப்ரலில் மதியத்துக்கு மேல் இடிமழை உண்டு. அதைவிட முக்கியம், ஏப்ரல் 13, 14 சிங்கள-தமிழ்ப் புத்தாண்டு. அந்த வாரம் முழுக்க நாடே சொந்த ஊருக்குப் போகிறது. ரயிலில் இடமிருக்காது, கடைகள் பல நாள் அடைத்திருக்கும். அதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே போயா தினம், அரசு விடுமுறை. தேதி குறிக்கும்போது பௌர்ணமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை என்றால் நனைவது மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து இந்த ஆறு என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையில் அதைத்தான் செய்தது. மலையகத்தில் மண்சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள், ரயில் பாதைகள் உடைந்தன. ஆகவே மலை ரயிலை மனதில் வைத்துத் திட்டம் போடுகிறவர்கள் எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்று விசாரித்த பிறகே அறை எடுக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் முதல் பாதி, இந்த ஆறு வாரத்தில் அங்கே போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

இனி வழி. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் ஓடத் தொடங்கிச் சில மாதத்திலேயே நின்றுபோனது. அது நின்றதில் இன்றைக்கும் எனக்கு வருத்தம் உண்டு. நம் துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் சரக்கு போகிறது, ஆள் போக வழியில்லை. இப்போது கப்பலில் போக வேண்டுமென்றால் நாகப்பட்டினம். 2023 அக்டோபரில் தொடங்கி, காற்று மழையால் சில நாளிலேயே நிறுத்தி, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். காங்கேசன்துறைக்குச் சுமார் நாலு மணி நேரம். அங்கே இறங்கினால் யாழ்ப்பாணம் டவுன் 20 கிலோமீட்டருக்குள்தான். வாடைக் காலத்தில் இந்தச் சேவையை நிறுத்திவிடுவார்கள், மற்ற காலத்திலும் கடல் சரியில்லை என்றால் பயணம் தள்ளிப்போகும். அதனால் கப்பலில் போகிறவர்கள் முதல் நாள் இரவே நாகையில் தங்குங்கள், திரும்பி வந்த மறுநாள் ஆபீசுக்குப் போக வேண்டும் என்று நெருக்கித் தேதி வைக்காதீர்கள்.

விமானம் என்றால் நமக்குப் பக்கத்தில் மதுரையும் திருவனந்தபுரமும். இரண்டிலிருந்தும் கொழும்புக்கு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு நேரே பறக்க சென்னை. 2025 மார்ச்சிலிருந்து திருச்சியிலிருந்தும் தொடங்கினார்கள். என் விருப்பத்தைக் கேட்டால் ஒரு வழி கப்பல், ஒரு வழி விமானம். கடலைக் கடக்கிற அனுபவம் ஒரு தடவையாவது வேண்டும்.

காகிதங்கள். பாஸ்போர்ட் கட்டாயம், குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் சேவா கேந்திரம் திருநெல்வேலியிலேயே இருக்கிறது. பத்தாவது படிக்காதவர்களுக்கு பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று முத்திரை விழும். அதைப் பார்த்துப் பயந்து பயணத்தையே விட்டவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த முத்திரை, குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை, நீங்கள் போவது வேலைக்கும் இல்லை. தைரியமாகப் போகலாம். அடுத்து இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி. 2023 கடைசியில் இந்தியா உட்பட ஏழு நாட்டவருக்கு இதைக் கட்டணமில்லாமல் தரத் தொடங்கினார்கள், அதற்குப் பிறகு விதிகள் பல தடவை பேசப்பட்டு மாறியிருக்கின்றன. போகிற மாதத்தில் என்ன விதியோ அதை இலங்கை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பாருங்கள். அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்குகிற தளங்கள் நிறைய இருக்கின்றன.

பாஸ்போர்ட் எடுக்க இன்னும் நாளாகும் என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. பிப்ரவரி, மார்ச் வாக்கில் கச்சத்தீவில் அந்தோணியார் திருவிழா நடக்கிறது. அதற்கு ராமேஸ்வரத்தில் முன்கூட்டியே பதிவு செய்து போகிறவர்களுக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். 1974 ஒப்பந்தத்திலிருந்து வருகிற ஏற்பாடு அது. அக்கரை ஜனங்களும் வருவார்கள், பேசலாம், பழகலாம்.

பணம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து நம் யு.பி.ஐ. அங்கேயும் செல்கிறது, பெரிய கடைகளில் பயன்படுத்தலாம். பஸ்ஸுக்கும் சின்னக் கடைக்கும் நோட்டு வேண்டும். வங்கி கவுண்டரில் மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சிகிரியா, பொலன்னறுவை மாதிரி இடங்களில் வெளிநாட்டவருக்கு டாலரில் கட்டணம், ஆனால் சார்க் நாட்டவர் என்று சலுகை உண்டு. அதற்கு பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். அறையில் பூட்டி வைத்துவிட்டுப் போனால் முழுக் கட்டணம்தான்.

இப்போது, எவ்வளவு பார்ப்பது? இதில்தான் திட்டங்கள் கெட்டுப்போகின்றன. இலங்கை தமிழ்நாட்டில் பாதி அளவு. படத்தில் பார்க்கச் சின்னதாக இருக்கிறதே என்று ஆறு நாளில் முழுத் தீவையும் சுற்ற ஆசைப்படுகிறார்கள். கொழும்பிலிருந்து பதுளைக்கு 300 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மலை ஏறி இறங்கி ரயில் ஒரு பகல் முழுக்க ஓடும். ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம் போதும். இந்த மேடையில் நான் பரிந்துரைப்பது வடக்கு. முதல் தடவை போகிற நமக்கு அதுதான் எளிது, பேச்சு நம் பேச்சு.

யாழ்ப்பாணத்தில் ஒரே வீட்டில் நாலைந்து இரவு தங்குங்கள். டவுனுக்குள் வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறைகள் நிறையக் கிடைக்கின்றன. ஒரு நாள் நல்லூரும் டவுனும். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும், அப்போது போனால் பல வாரம் முன்னாலேயே அறை சொல்ல வேண்டும். பொது நூலகத்துக்குக் கட்டாயம் போங்கள். 1981இல் எரிக்கப்பட்டு 97,000 புத்தகங்கள் சாம்பலான நூலகம் அது. மறுபடி கட்டியெழுப்பி இன்றைக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். படம் எடுக்கிற ஆசையை அடக்கிக்கொண்டு அமைதியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்னொரு நாள் குறிகட்டுவான் வரை பஸ், அங்கிருந்து படகில் நயினாதீவு, நாகபூசணி அம்மன் கோயில். நெடுந்தீவுக்கும் அதே துறையிலிருந்துதான் படகு, காட்டுக் குதிரைகள் திரிகிற தீவு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள், தவறவிட்டால் இரவு அங்கேதான். கீரிமலையில் கடலை ஒட்டி நல்ல தண்ணீர்க் கேணி இருக்கிறது, குளிக்கலாம். பாடல் பெற்ற தலங்கள் என்று தேடிப் போகிறவர்களுக்கு மன்னார் பக்கம் திருக்கேதீஸ்வரமும், கிழக்கே திருகோணமலையில் கோணேஸ்வரமும். மன்னாரிலேயே மடு மாதா கோயில், ஆகஸ்ட் 15 அங்கே பெரிய திருநாள்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். நம் மறுவீட்டுச் சொதியில் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் தேங்காய்ப்பாலில் வெந்து கெட்டியாக நிற்கும், பக்கத்தில் இஞ்சித் துவையல் இல்லாமல் ஆகாது. யாழ்ப்பாணத்தில் சொதி என்று கேட்டால் மஞ்சள் நிறத்தில் தண்ணியாக, வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்க வரும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிகிறார்கள், எலுமிச்சையை அப்படித்தான் சொல்கிறார்கள். சுடச்சுட இடியப்பத்தின் மேல் அதை ஊற்றி, ஓரத்தில் சம்பல் வைத்துத் தருவார்கள். நம் சொதி அங்கிருந்து வந்தது என்று இங்கே சொல்வார்கள். அதை முடிவு செய்வதற்காகவாவது ஒரு காலை அந்தச் சொதியைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

நடந்துகொள்ளும் விதம் பற்றியும் பேசியாக வேண்டும். அந்த மண்ணில் 2009 வரை போர் நடந்தது. காணாமல் போன பிள்ளையை இன்னும் தேடுகிற தாய்மார் அங்கே இருக்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். போர் நடந்த இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பது தகாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதும் அங்கே பெரிய குற்றமாகப் பார்க்கப்படுகிறது. இன்னொன்று, யாழ்ப்பாணத்து மீனவர் யாராவது, "உங்கட இழுவைப் படகுகள் எங்கட வலையை அறுக்குது" என்று சொன்னால் சண்டைக்கு நிற்காதீர்கள். நம் மீனவர்கள் சிறைப்படுவது எவ்வளவு உண்மையோ, இழுவை மடி அவர்கள் கடலை வழித்தெடுப்பதும் அவ்வளவு உண்மை. விருந்தாளியாகப் போன நாம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, மலையகம். இந்த ஆற்றங்கரை ஊர்களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் வாரிசுகள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பதுளை பக்கம் இன்றைக்கும் இருக்கிறார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் அந்த ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கொஞ்ச காலம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. சுற்றிப் பார்க்கப் போகிற உங்களில் சிலருக்கு அங்கே ரத்த சொந்தமே இருக்கலாம்.

தேடிப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அங்கே பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஜனங்கள் தங்களுக்குள் வழங்குகிற தமிழ்ப் பெயர் ஒன்று. பழைய கடிதத்தில் ஒன்று இருக்கும், பாட்டி வாயில் மற்றது இருக்கும். பக்கத்து டவுனில் போய் இரண்டையும் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கு வழி பிடிபடும். தோட்டத்துக்குள் டிவிஷன் பெயரும் வேண்டும், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயம் எந்தப் பக்கம் என்று அதை வைத்துத்தான் சொல்வார்கள். அங்கே போய்விட்ட தாத்தாவின் தகப்பனார் பெயர், இங்கே அவர்கள் கும்பிட்ட சாமி பெயர், இரண்டும் கையில் இருந்தால் இன்னும் நல்லது. தலைமுறை பல கடந்தும் குலசாமி பெயரை மறக்காத வீடுகள் அங்கே உண்டு.

பாஸ்போர்ட்டுக்கு நாளைக்கே விண்ணப்பித்தாலும் வந்துவிடும். கப்பல் டிக்கெட் அடுத்த மாதமும் கிடைக்கும். தோட்டத்துப் பெயர் தெரிந்த பெரியவர்கள் அப்படிக் காத்திருக்கிறவர்கள் இல்லை. இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் அப்படிப்பட்டவர்கள் சிலர்தான் மிச்சம் இருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். தோட்டத்தின் இரண்டு பெயர், டிவிஷன், அங்கே நின்றுபோனவர்களின் பெயர், எல்லாவற்றையும் கேட்டு எழுதி வையுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள், மற்ற ஏற்பாடுகளுக்கு நான் கூட இருந்து உதவுகிறேன்.